ஜெர்ரிமாண்டரிங்கைத் 'தேர்தல் தில்லுமுல்லு' என்று எழுதலாமா?

கேள்வி: மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். அமெரிக்கச் செய்திகளில் 'ஜெர்ரிமாண்டரிங்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. 'தேர்தல் தில்லுமுல்லு' என்று எழுதினால் போதுமா? இந்தச் சொல் எப்படி வந்தது?

பதில்: போதாது. கள்ள ஓட்டும் தில்லுமுல்லுதான், ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் தில்லுமுல்லுதான். ஜெர்ரிமாண்டரிங்குக்கு இவை எதுவும் தேவையில்லை. ஓட்டு ஒழுங்காகப் போடப்பட்டு, ஒழுங்காக எண்ணப்பட்டாலும், தொகுதிக்கு எல்லைக்கோடு போட்டபோதே சூழ்ச்சி முடிந்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. 50 வாக்காளர்கள், பத்துப் பேருக்கு ஒன்றாக 5 தொகுதிகள். 'அ' கட்சிக்கு 30 பேர், 'ஆ' கட்சிக்கு 20 பேர். கோடு போடுகிறவர் 'ஆ' கட்சிக்காரர் என்றால், 'அ' ஆட்களில் 18 பேரை இரண்டே தொகுதிகளில் ஒன்பது ஒன்பதாக அடைத்துவிடுவார். மிச்சம் 12 பேரை மற்ற மூன்றில் நான்கு நான்காகச் சிதறடிப்பார். அந்த மூன்றிலும் 6க்கு 4 என்று 'ஆ' ஜெயிக்கும். சிறுபான்மைக்கு 3 இடம், பெரும்பான்மைக்கு 2!

சொல் பிறந்த இடம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம். 1812இல் அங்கே ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரி, தன் கட்சிக்குச் சாதகமாக மாநில செனட் தொகுதிகளை மாற்றும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். எசெக்ஸ் கவுண்டியில் ஒரு தொகுதி மட்டும் ஊர்களைச் சுற்றி வளைந்து நீண்டு கிடந்தது. மார்ச் 26 அன்று 'பாஸ்டன் கெசட்' அந்த வரைபடத்துக்குத் தலை, சிறகு, நகம் எல்லாம் வைத்துப் படம் போட்டது. பல்லி போலிருக்கும் 'சாலமாண்டர்' என்ற பிராணியின் பெயரில் கடைசிப் பகுதியைக் கெர்ரி பெயரோடு ஒட்டி, 'கெர்ரிமாண்டர்' என்று பெயரும் வைத்தது. அடுத்து வந்த தேர்தலில் கெர்ரி தோற்றார். ஆனால் குறைவான ஓட்டு வாங்கிய அவர் கட்சி, செனட்டின் 40 இடங்களில் 29ஐப் பிடித்தது. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், பின்னர் துணை அதிபரும் ஆனவர். அவர் பெயர் இதற்காக நிலைத்துவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

அவர் பெயரில் 'கெ' ஒலிதான், சொல்லில் இன்று 'ஜெ'. தமிழில் 'தொகுதி எல்லைச் சூழ்ச்சி' என்று எழுதுங்கள். முதல் தடவை வரும்போது பக்கத்திலேயே ஒரு வரி விளக்கமும் கொடுங்கள். அப்புறம், 'தொகுதி மறுவரையறை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மக்கள்தொகை மாறும்போது எல்லையைத் திருத்தும் சாதாரண நிர்வாக வேலைக்கும் அதுதான் பெயர்.