எங்களுக்கு வைத்த பெயர் அங்கவை, சங்கவை

கேள்வி: நிறத்தை வைத்துச் செய்யும் காமெடி எல்லை மீறிப் போகிறதா, இல்லை நாம்தான் இப்போது எதற்கெடுத்தாலும் புண்பட்டுக்கொள்கிறோமா?

மீறித்தான் போகிறது. ஆனால் எல்லாவற்றையும் தடை பண்ணு என்று சொல்கிற கட்சியிலும் நான் இல்லை. டிவியில் கவுண்டமணி வந்தால் அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடிவந்து உட்காருகிற ஆள் நான், அதனால் என் பதில் கொஞ்சம் வளைந்து நெளிந்துதான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2007 ஜூனில் 'சிவாஜி' வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அப்பாவுக்குப் பட்டிமன்றம் என்றால் உயிர், சாலமன் பாப்பையா நடித்திருக்கிறார் என்பதற்காகவே குடும்பத்தோடு கூட்டிப்போனார். படத்தில் அவருக்கு இரண்டு மகள்கள், அங்கவை, சங்கவை என்று பெயர். இரண்டு நடிகைகளுக்கும் கரி பூசினாற்போல் மேக்கப். அவர்கள் வந்து நிற்பதுதான் ஜோக். நின்றதும் தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். இடைவேளையில் தம்பிக்கு ஒரு பப்ஸ், எனக்கு ரெண்டு பப்ஸ் வாங்கித் தந்தார் அப்பா, ஏன் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனால் எனக்கும் பக்கத்தில் உட்காரும் தோழிக்கும் பெயர் தயாராக இருந்தது. நான் அங்கவை, அவள் சங்கவை. வைத்தவன் எங்கள் இரண்டு பேரையும்விடக் கறுப்பு, அது வேறு விஷயம். (வேறு விஷயம் இல்லைதான், அதற்கு அப்புறம் வருகிறேன்.)

அந்த வருடமே ஒருநாள் தமிழ் வகுப்பில், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைப் பற்றிப் பேச்சு வந்தது. டீச்சர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்' என்று புறநானூற்றுப் பாட்டைச் சொன்னார். போன மாத நிலவில் அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது, இந்த மாத நிலவில் மலையும் போய்விட்டது, அப்பாவும் இல்லை என்று பாரியின் மகள்கள் சொல்கிற பாட்டு. நாலைந்து வரிதான், சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பொண்ணுங்களுக்கு அங்கவை, சங்கவைன்னு பேரு சொல்லுவாங்க" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. டெஸ்க்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பற்றிச் சொன்னால் இதுகள் ஏன் சிரிக்கின்றன என்று அவருக்குப் புரியவே இல்லை, சாக்பீஸைப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பக்கத்தில் என் தோழி ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அதே படத்தில் ஒரு பாட்டுக்காக ரஜினியை வெள்ளைக்காரர் மாதிரி ஆக்கினார்கள், ஓர் ஐரோப்பியப் பெண்ணின் தோல் நிறத்தை எடுத்துக் கணினியில் அவர் மேல் பொருத்தி. அவ்வளவு மெனக்கெட்டு ஒருவரை வெளுப்பாக்கியதும் அதே படம்தான், ரெண்டு பெண்களுக்குக் கரி பூசி ஆளைப் பார்த்ததுமே சிரிக்க வைத்ததும் அதே படம்தான்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்த இன்னொருவர் நடிகை தனிஷ்தா சாட்டர்ஜி. 2016 செப்டம்பரில் 'பார்ச்ட்' இந்திப் படத்தின் விளம்பரத்துக்காக ஒரு டிவி காமெடி நிகழ்ச்சிக்குப் போனார். ரோஸ்ட், அதாவது வந்த விருந்தாளியையே மேடையில் உட்காரவைத்துக் கலாய்க்கிற நிகழ்ச்சி, என்று சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே போனால், சின்ன வயதிலிருந்து எவ்வளவு நாவல்பழம் சாப்பிட்டீர்கள் என்கிற ரகத்தில்தான் ஜோக்குகள், அதையே பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், நிற்கவில்லை, எழுந்து வந்துவிட்டார். அப்புறம் ஃபேஸ்புக்கில் எழுதினார், சேனல் மன்னிப்புக் கேட்டது. அந்தப் பதிவிலேயே அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. யாரோ அவருடைய குடும்பப் பெயரைக் கேட்டு, அம்மாவின் குடும்பப் பெயரையும் கேட்டு, ஓ அம்மாவும் பிராமணரா என்றார்களாம். அப்புறம் எப்படி இந்த நிறம் என்பதுதான் அதற்கு அர்த்தம். நிறக் கிண்டலுக்கு அடியில் சாதி உட்கார்ந்திருக்கிறது, நம் ஊரிலும் அப்படித்தான், சொல்ல மாட்டோம், அவ்வளவே.

ரோஸ்ட் என்றால் வாங்கிக் கட்டிக்கொள்ளத்தானே வேண்டும் என்று அப்போது பலர் சொன்னார்கள். சரி. ஆனால் ரோஸ்டில் கேலி செய்வதற்கு, அந்த ஆள் செய்தது, சொன்னது, நடித்தது என்று ஏதாவது வேண்டும், அதற்கு எழுதுகிறவர் கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் சினிமாவில் இருந்தவரைப் பற்றிச் சொல்ல ஒரு பழம்தான் கிடைத்தது என்றால், அதை நான் சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன்.

கவுண்டமணி மட்டும் திட்டலாமா என்று கேட்பீர்கள். அவர் பண்ணையாரையும் திட்டுவார், அரசியல்வாதியையும் திட்டுவார், சமயத்தில் ஹீரோவையும் விடமாட்டார். வாழைப்பழக் காமெடியில் கடைசியில் தலையைப் பிய்த்துக்கொள்வது யார்? செந்திலா? ஆனாலும் செந்திலின் நிறத்தையும் உடம்பையும் வைத்துத் திட்டுகிற இடங்கள் வந்தால் மட்டும் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை, அந்த நேரத்தில் போய் குக்கரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இப்போது அந்தப் பெயர் வைத்த பையன். அமெரிக்காவில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசி மேடையேறி ஆடினார்கள், அது அடுத்தவனைக் கிண்டல் செய்தது. இங்கே தியேட்டரில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்தவர்களே பெரும்பாலும் கறுப்பு அல்லது மாநிறம். அப்படியும் ஏன் சிரித்தோம் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். மாட்டியது நான் இல்லை, அப்பாடா, என்கிற சிரிப்புதான் அது. அவன் முந்திக்கொண்டு எங்களுக்குப் பெயர் வைத்திருக்காவிட்டால் அந்த வாரமே அவனுக்கு வைத்திருப்பார்கள்.

அப்புறம், விளம்பரங்களுக்காவது ஒரு விதி வந்தது. கறுப்பாக இருப்பவரைத் தாழ்வாகவோ சோகமாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014இல் சொன்னது. 1975இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லியே 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது (டப்பாவுக்குள் என்ன மாறியது என்பதை விட்டுவிடுவோம்). காமெடிக்கும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் முதலில் அரசியல்வாதியைக் கிண்டல் செய்பவனைத்தான் பிடிப்பார்கள்.

வீட்டுக்குள் நடப்பதற்கு எந்த விதியும் வராது. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு பெரியம்மா சொன்னார், பாராட்டாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுக் கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தார். அந்த 'இருந்தாலும்' இருக்கிறதே, அதற்குப் பதில் நாலு நாவல்பழ ஜோக்கைக்கூடக் கேட்டுக்கொள்ளலாம், திருப்பிக் கொடுக்கவாவது முடியும்.

எல்லை எங்கே என்று துல்லியமாக எனக்குக் கோடு போடத் தெரியாது. ஒன்று சொல்கிறேன். என் ஃபோனில் அந்தத் தோழியின் பெயர் இன்றைக்கும் 'சங்கவை' என்றுதான் இருக்கிறது, அவள் என்னைக் கூப்பிட்டால் "என்னடி அங்கவை" என்றுதான் ஆரம்பிப்பாள், ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். போன பொங்கலுக்கு அவள் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, நல்ல மனுஷன், விளையாட்டாக, "சங்கவை, ஒரு காபி" என்றிருக்கிறார். ரெண்டு நாள் அவரே காபி போட்டுக் குடித்தாராம்.