2330-லும் சோதனைச்சாவடி

கேள்வி: விண்வெளி சார்ந்த கணினி விளையாட்டுகளில் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தைய மனிதர்களும் இன்றைய அமெரிக்கப் படைவீரர்களைப் போலவே இருக்கிறார்களே, ஏன்? விதிவிலக்கு ஏதேனும் உண்டா?
– கல்லூரி மாணவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: கற்பனையெல்லாம் கப்பலுக்கும் கவசத்துக்குமே செலவாகிவிடுகிறது, மனிதருக்கு மிஞ்சுவதில்லை. ‘ஹேலோ’வில் 2552-இலும் இன்றைய அமெரிக்கப் படையின் மரைன்களும் (கடற்படைத் தரைவீரர்கள்) சார்ஜென்ட்டுகளும்தான். 2023-இல் வெளிவந்த ‘ஸ்டார்ஃபீல்டு’, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களைத் திறந்துவிட்டு, 2330-ஆம் ஆண்டின் அகிலா நகரில் கௌபாய் பாணிக் காவலர்களை நிறுத்துகிறது. அதில் கோளை நெருங்கும் கப்பலைக் கடத்தல் சரக்குக்காகச் சோதிக்கவும் செய்கிறார்கள். உங்கள் பக்கத்தில், தமிழக-கேரள எல்லையிலுள்ள வாளையாற்றில் வணிகவரிச் சாவடி 2017-இல் ஜி.எஸ்.டி.யோடு போய்விட்டது; கலால் சாவடி இன்னும் நிற்பதால், இந்த ஒரு கணிப்பை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு முதற்காரணம் துப்பாக்கி. ஆடுபவருக்கு நிமிடந்தோறும் ஏதாவது வேலை தர வேண்டும். 1993-இல் ‘டூம்’ வந்த காலம் முதல், சுடுவதே ஆக்கவும் கற்பிக்கவும் எளிதான வேலையாக இருந்து வருகிறது. சுட வேண்டுமென்றால் படை வேண்டும். படை என்றதும் விளையாட்டை ஆக்கும் அமெரிக்கர்களுக்கு நினைவுக்கு வருவது தங்கள் நாட்டுப் படை. தொப்பியைக் கண்டதும் ஆள் இன்னாரென்று விளங்கிவிடும். புதிய சமூகம் ஒன்றை அமைத்தாலோ அதை விளக்கியாக வேண்டும், பெரும்பணம் போட்டவர்கள் அதற்குத் துணிவதில்லை.

என் மனக்குறை மொழியைப் பற்றியது. கேரளத்தில் உங்கள் சித்தூர் வட்டத்தில் ஒருவர் கடையில் தமிழிலும் அலுவலகத்தில் மலையாளத்திலும் பேசிவிட்டு, தாம் ஏதோ அரிய செயல் செய்ததாக எண்ணாமல் வீடு திரும்புகிறார். 2183-இல் நடக்கும் ‘மாஸ் எஃபெக்ட்’டிலோ, பல்வேறு உயிரினங்கள் ஒரே நிலையத்தில் கூடி வாழ்ந்தும், மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றைக் காரணம் காட்டி எல்லாரையும் ஆங்கிலத்தில் பேசவைத்துவிடுகிறார்கள். எல்லையோரத்தில் இயல்பாக விளையும் கலப்புப் பேச்சு அங்கே காதில் விழுவதே இல்லை.

விதிவிலக்கு கேட்டீர்கள்: 1999-இல் வந்த ‘ஆல்ஃபா சென்டாரி’யை ஆடிப் பாருங்கள். படங்கள் பழையவை, பொறுத்துக்கொள்ளுங்கள். புதிய கோளில் இறங்கும் மனிதர்கள் அதில் நாடுகளாக அல்லாமல், சூழலியல், சந்தை, சமயம், அறிவியல் எனக் கொள்கைகளால் ஏழு அணிகளாகப் பிரிகிறார்கள். ஓர் அணிக்குத் தலைவர் பிரவீன் லால் என்னும் இந்தியர். அவரும் அங்கே ஐ.நா.வின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறார்.