வாடிக்கையாளர் ஆலோசனைக் குழு கூடுவதற்கு முன் உறுப்பினர்களிடம் உருப்படியான கருத்தை வாங்குவது எப்படி?

நீங்கள் சொன்ன நிலவரம் இது: நிறுவனங்களுக்குக் கணக்கு, ஸ்டாக் சாஃப்ட்வேர் விற்கிறீர்கள். உங்களுக்கு ஆலோசனை சொல்ல 12 வாடிக்கையாளர் நிறுவனங்களின் நிதித் தலைவர்களை வைத்துக் குழு அமைத்திருக்கிறீர்கள். மீட்டிங்கிற்குப் பத்து நாள் முன்பு கூகுள் ஃபார்ம் அனுப்பினீர்கள். சிலர்தான் பதில் போட்டார்கள், அதுவும் "இந்த ரிப்போர்ட் வேண்டும், அந்த பட்டன் வேண்டும்" என்ற ரகம்.

ஃபார்மை விட்டுவிட்டு ஆளுக்கு அரை மணி நேரம் போனில் பேசுங்கள். மற்றதில் எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். நிதித் தலைவருக்குப் போகும் ஃபார்மை நிரப்புவது பெரும்பாலும் அவருக்குக் கீழே இருப்பவர். தினமும் சாஃப்ட்வேரில் உட்காருகிறவர் அவர் என்பதால் பட்டன்தான் கேட்பார். அடுத்த வருடம் எந்த யூனிட்டை மூடலாம், எதை வாங்கலாம் என்று மேலே ஓடுகிற பேச்சை யாரும் எழுத்தில் தரமாட்டார்கள். அதனால், "எனக்குக் கீழே இருக்கும் மேனேஜர் பேசுவார்" என்று உறுப்பினர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவருக்குத் தோதான வேறொரு நாளைக் கேளுங்கள்.

மீட்டிங்கிற்கு எட்டு வாரம் முன்பே நேரம் கேட்டு மெயில் போய்விட வேண்டும். மீட்டிங்கிற்கு ஆறு வாரம் இருக்கும்போது தொடங்கி, நான்கு வாரம் இருக்கும்போது எல்லா அழைப்புகளும் முடியட்டும். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். குறிப்பை அன்றே எழுதாவிட்டால் யார் எதைச் சொன்னார் என்பது குழம்பிவிடும். உங்கள் உறுப்பினர்கள் கணக்குத் துறைக்காரர்கள் என்பதால் தேதியும் முக்கியம். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (மாத வரிக் கணக்கு), அதற்கு முன்னால் மாதக் கணக்கு முடிப்பு. 21 முதல் 28 வரைதான் அவர்களால் நிதானமாகப் பேச முடியும். வரித் தணிக்கை நெருக்கும் செப்டம்பரைத் தொடவே வேண்டாம்.

பேசுவது உங்கள் பக்கத்தில் அந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் அக்கவுன்ட் மேனேஜராக இருக்கக் கூடாது. அவர் குரலைக் கேட்டதுமே பேச்சு ரினிவல் விலைக்குப் போய்விடும். ப்ராடக்ட் தலைவரோ நிறுவனரோ பேசட்டும், கூட ஒருவர் எழுதட்டும். ஆனால் அக்கவுன்ட் மேனேஜரிடம் முன்கூட்டியே கால் மணி நேரம் உட்கார்ந்து, அந்த வாடிக்கையாளரின் திறந்திருக்கும் சப்போர்ட் டிக்கெட்டுகள் (தீராத புகார்கள்) என்னென்ன, ரினிவல் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிகிற டிக்கெட் ஏதாவது இருந்தால் அழைப்புக்கு முன்பே முடித்துக் கொடுங்கள், குறைந்தது தேதியாவது சொல்லுங்கள். இல்லையென்றால் அரை மணியும் அதிலேயே போகும்.

கேள்விகள் ஐந்து போதும். "அடுத்த 18 மாதத்தில் உங்கள் கம்பெனியில் பணமும் ஆளும் எதற்குப் போகப்போகிறது?" "உங்கள் எம்.டி. இந்த வருடம் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன?" "சட்டத்திலோ சந்தையிலோ எந்த மாற்றம் உங்களைக் கவலைப்படுத்துகிறது?" "இன்னும் எக்செல்லில் ஓடுகிற வேலை எது, ஏன்?" கடைசியாக, "குழுவில் உள்ள மற்றவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?" அஜெண்டாவில் பாதி இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே கிடைக்கும். சாஃப்ட்வேரில் அடுத்து என்ன வரும் என்று சொல்லும் உங்கள் ரோட்மேப் ஸ்லைடைக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் "நன்றாக இருக்கிறது" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ரிப்போர்ட் கேட்டாலும் அதைத் தள்ளிவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். "இ-இன்வாய்ஸ் நிலுவை ரிப்போர்ட் தினமும் வேண்டும்" என்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று கேட்டால், 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் 30 நாளுக்குள் பில்லை அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஏற்ற வேண்டும், பிந்தினால் போர்ட்டல் ஏற்காது என்பார். பில் ஏன் பிந்துகிறது? கிளைகள் வேறு சாஃப்ட்வேரில் இருக்கின்றன. ஏன் மாற்றவில்லை? கிளை மேனேஜர்கள் பில்லிங்கை விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. இப்போது உங்களுக்குக் கிடைத்திருப்பது "பில்லிங்கைத் தலைமையகத்துக்குக் கொண்டுவருவதா, கிளையிலேயே விடுவதா" என்ற தலைப்பு. இதைப் பற்றி 12 பேரும் ஒரு மணி நேரம் சூடாகப் பேசுவார்கள்.

குறிப்புகளை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பரப்பி எட்டுப் பத்துத் தலைப்புகளாகச் சுருக்குங்கள். ஃபார்ம் உதவுவது இந்த இடத்தில்தான்: ஒவ்வொருவருக்கும் 100 புள்ளி கொடுத்து, தலைப்புகளுக்குப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அறையில் வைத்துக் கேட்டால், பெரிய கம்பெனிக்காரர் வாய் திறந்ததும் மற்றவர்கள் அவர் பின்னால் போய்விடுவார்கள். மொத்தத்தை மட்டும் கூட்டிப் பார்க்காதீர்கள். பாதிப் பேர் 40 போட்டு மீதிப் பேர் பூஜ்யம் போட்ட தலைப்பு, எல்லோரும் பத்துப் பத்தாகப் போட்டதைவிட விவாதத்துக்கு எவ்வளவோ நல்லது. மூன்று தலைப்பு போதும், நான்காவதற்கு நேரம் இருக்காது.

பேசியதை வெளியே சொல்ல மாட்டோம் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் அழைப்புக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர்களுக்குக் காட்டுமுன் அவரிடம் கேளுங்கள். பெயரை நீக்கினாலும் "மூன்று மில் வைத்திருக்கும் நிறுவனம்" என்று எழுதினால் ஆள் தெரிந்துவிடும். ஒரே தொழிலில் போட்டியாளர்கள் இருவர் குழுவில் இருந்தால் விற்பனை விலை, தள்ளுபடி, டெண்டர் ஆகியவை குறிப்பிலும் வேண்டாம், அஜெண்டாவிலும் வேண்டாம். போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசுவதைத் தடுக்கும் 2002 போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வரை போய்விடக்கூடிய விஷயம் அது. அஜெண்டாவை ஒருமுறை வக்கீல் பார்த்துவிடட்டும்.

மீட்டிங்கிற்கு ஒரு வாரம் முன்பு இரண்டு மூன்று பக்கம் அனுப்புங்கள்: என்ன கேள்விப்பட்டோம், எந்த மூன்றை எடுத்தோம், ஒவ்வொன்றிலும் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம். தலைப்புக்கு ஒரு உறுப்பினர் ஸ்லைடு இல்லாமல் ஐந்து நிமிடம் பேசித் தொடங்கி வைக்கட்டும். அவருக்கு மட்டும் இன்னொரு முறை போன் போடுங்கள். அஜெண்டாவில் இடம் பெறாத கோரிக்கைகளுக்கு டிக்கெட் எண் போட்டு, கேட்டவருக்கே தனி மெயிலில் சொல்லிவிடுங்கள். சொன்னது எங்கே போனது என்று தெரியாதவர் அடுத்த முறை அரை மணி நேரம் ஒதுக்கமாட்டார்.