கட்டியின் ரத்தக்குழாயைக் காட்டும் மென்பொருள்: கூடுதல் பணம் கட்டலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. ஹெபடைடிஸ் பி-யால் கல்லீரல் சுருங்கியிருக்கிறது. வலது பக்கம், செக்மென்ட் 7-இல் 4.5 செ.மீ. புற்றுக்கட்டி. ஆபரேஷன் தாங்க மாட்டார், ‘டேஸ்’ செய்யலாம் என்கிறார்கள். இதைப் பல வருடங்களாகச் செய்துவரும் டாக்டர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். ஆனால் சென்னையில் ஒரு மருத்துவமனையில், கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்களைக் கம்ப்யூட்டரே கண்டுபிடித்துக் காட்டும் என்கிறார்கள். செலவு அதிகம். எங்கே போவது டாக்டர்?
– வாசகர், திருச்சி

பதில்: மென்பொருள் கிடக்கட்டும். இரண்டு இடத்திலும் என்ன எக்ஸ்ரே கருவி இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது, மீதி கல்லீரல் தமனி வழியாக. புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தில்தான் வளர்கிறது. அதனால் தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ கதீட்டர் என்ற மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்குப் போகும் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி அடைத்துவிட்டால், மற்ற பகுதி பெரும்பாலும் தப்பிக்கிறது. இதுதான் டேஸ். தகுந்த நோயாளிகளுக்கு இது ஆயுளை நீட்டுகிறது என்று பார்சிலோனா, ஹாங்காங் குழுக்களின் சோதனைகள் 2002-இல் காட்டின.

கட்டிக்குப் போகும் தமனி எது என்று பிடிப்பதுதான் கஷ்டம். சாதாரண ஆஞ்சியோகிராம் தட்டையான படம். குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். அதற்குத்தான் கோன் பீம் சி.டி. நோயாளி கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரேயில் குழாய்களைக் காட்டும் ‘டை’ மருந்து ஏறும்போதே கருவி சில விநாடிகளில் உடலைச் சுற்றி வந்து முப்பரிமாணப் படம் எடுத்துவிடும். அந்தப் படத்தின் மேல்தான் மென்பொருள் வேலை செய்கிறது. கதீட்டர் நுனி எங்கே என்று டாக்டர் ஒரு புள்ளி வைப்பார், கட்டியைச் சுற்றி எல்லை போடுவார். கட்டியிலிருந்து கதீட்டர் வரைக்கும் உள்ள பாதைகளை மென்பொருள் கலர் கோடுகளாக வரையும். அந்தக் கோடுகளை நேரடி எக்ஸ்ரே மேல் படியவைத்து மைக்ரோ கதீட்டரை நகர்த்தலாம். பிலிப்ஸின் எம்போகைட், ஜி.இ.-யின் ஃபிளைட்பிளான், சீமென்ஸின் எம்பலைசேஷன் கைடன்ஸ் எல்லாம் ஏறக்குறைய இதைத்தான் செய்கின்றன.

பயன் உண்டா? உண்டு. தட்டையான படத்தில் கண்ணுக்குத் தப்பும் சிறு கிளைகளை இவை கூடுதலாகப் பிடிக்கின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் பக்கத்தில் உரசிப் போகும் குழாயையும் கட்டியின் குழாய் என்று கோடு போட்டுவிடும். நோயாளி மூச்சை விட்டுவிட்டால் படம் கலங்கும், கோடும் தப்பாகும். அதனால் ஒவ்வொரு கோட்டையும் டாக்டர் சரிபார்த்தாக வேண்டும். கோடு காட்டினாலும் உள்ளே நுழைவது அவர் கைதான்.

உங்கள் அப்பா விஷயத்தில் இன்னொன்று. செக்மென்ட் 7 உதரவிதானத்தை ஒட்டிய இடம். அங்கே வளரும் கட்டி, கல்லீரல் தமனி போதாமல், உதரவிதானத்துக்குப் போகும் ஃப்ரெனிக் தமனியிலிருந்தும் ரத்தம் இழுக்கலாம். கல்லீரல் தமனியில் டை செலுத்தி எடுத்த படத்தில் அந்தக் குழாய் தெரியாது. படத்தில் இல்லாததை மென்பொருள் எப்படி வரையும்? அதைத் தனியாகத் தேடிப் பார்க்கத் தோன்றுவது அனுபவத்தால்தான். அனுபவமுள்ள டாக்டரை வெறும் மென்பொருளுக்காக நான் மாற்ற மாட்டேன்.

ஆனால் கோன் பீம் சி.டி. விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சில இடங்களில் இதயத்துக்கான கேத் லேபிலேயே டேஸும் செய்கிறார்கள். அங்கே படம் பிடிக்கும் தகடு (டிடெக்டர்) சிறியது, கல்லீரல் முழுசாக அடங்காது. மருந்து கட்டி முழுக்கப் படிந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளவும் கோன் பீம்தான் உதவும். உங்கள் ஊரில் அது இருந்தால் அங்கேயே செய்யுங்கள். இல்லையென்றால் சென்னைச் செலவுக்கு நியாயம் உண்டு, மென்பொருள் கூட வந்தால் லாபம். கட்டி ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, முன்பு டேஸ் செய்து குழாய்கள் உருமாறியிருந்தாலோ மென்பொருளுக்கு இன்னும் கொஞ்சம் மதிப்புக் கொடுப்பேன்.

பிலிருபின் (கல்லீரலுக்கு), கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். கோன் பீமுக்குக் கூடுதல் டை தேவைப்படலாம், சிறுநீரகம் அதைத் தாங்க வேண்டும். வயிற்றில் நீர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மூச்சைப் பிடிப்பது கஷ்டமாகலாம். 10 விநாடி மூச்சை நிறுத்த அப்பாவை இப்போதிருந்தே பழக்கலாம்.

சிகிச்சைக்குப் பின் சில நாள் காய்ச்சல், வயிற்று வலி, குமட்டல் சகஜம். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 4 முதல் 6 வாரத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். அதில் ‘4.5 செ.மீ.’ என்றே இருந்தாலும் பதற வேண்டாம். செத்த கட்டி உடனே சுருங்காது. தமனிக் கட்டத்தில், அதாவது டை தமனிகளில் ஓடும்போது எடுத்த படத்தில், டை ஏறும் பகுதி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்த டேஸ் வேண்டுமா என்பதை முடிவுசெய்ய டாக்டர் முக்கியமாகப் பார்ப்பது அதைத்தான்.