சென்னை – சான் ஃபிரான்சிஸ்கோ: 17 மணியா, 23 மணியா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நானும் கணவரும் சான் ஃபிரான்சிஸ்கோ போகிறோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. முதல் வெளிநாட்டுப் பயணம். தூரம் சுமார் 13,900 கி.மீ., பறக்கும் நேரம் 17 மணி என்று இணையத்தில் பார்த்தேன். டிராவல்ஸ்காரர் காட்டும் டிக்கெட்டுகளோ 23 மணி, 34 மணி என்கின்றன. 34 மணி டிக்கெட்தான் விலை குறைவு. அவரை நம்பலாமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: நேரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரிதான் அம்மா. இணையத்தில் நீங்கள் பார்த்தது வெறும் கணக்கு. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே உள்ள மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, மணிக்கு 800, 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, ஏற இறங்கக் கொஞ்சம் சேர்த்தால் 17 வரும். அப்படிப் பறக்கும் விமானம்தான் இல்லை. சென்னையிலிருந்து அமெரிக்காவின் எந்த ஊருக்கும் நேரடி சேவை கிடையாது.

துபாய் வழியாகப் போனால் முதலில் சுமார் 2,900 கி.மீ., 4 மணி நேரம். அங்கிருந்து 13,000 கி.மீ., ஏறக்குறைய 16 மணி. நடுவில் 3 மணி காத்திருந்தால் 23 ஆகிவிடும். சிங்கப்பூர் வழியும் ஏறத்தாழ இப்படித்தான். ஆனால் பசிபிக்கின் மேல் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வேகமாக வீசுவதால், அந்த வழியில் போகும்போது நேரம் குறையும், திரும்பும்போது கூடும்.

டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் சான் ஃபிரான்சிஸ்கோ நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கும். இங்கே இரவு 9.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 8-க்கு இறங்குவதாக இருந்தால், பத்தரை மணிப் பயணம் போலத் தோன்றும். உண்மையில் அது 23 மணி. அதனால் 'மொத்தப் பயண நேரம்' என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள்.

அந்த 34 மணி டிக்கெட் வேண்டாம். உங்கள் வயதில் கூடுதலாக 11 மணி நேரம் விமான நிலைய நாற்காலியில் உட்காருவது பெரிய கஷ்டம். அதுவும் இரண்டு இடத்தில் மாறுவது என்றால் நிச்சயமாக வேண்டாம். ஒரே ஒரு மாற்றம், நடுவில் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் என்று கேளுங்கள்.

விலையைவிட முக்கியமான ஒன்று உண்டு. இரண்டு விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனியாக எடுத்த டிக்கெட் என்றால், நஷ்டம் உங்களுடையதாகிவிடும். மலிவு டிக்கெட்டுகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவுக்குள் இன்னொரு ஊரில் மாறும் டிக்கெட்டையும் தவிர்த்துவிடுங்கள். முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டிகளை எடுத்து, மறுபடி ஒப்படைத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும்.  

இரண்டு பேருக்கும் வீல்சேர் வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். மாறும் ஊரிலும் அது உண்டா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.