பேத்தி பூனை கேட்கிறாள்

கேள்வி: தொடக்கநிலை 1 படிக்கும் என் பேத்திக்கு எந்நேரமும் கார்ஃபீல்ட் கார்ட்டூன்தான். தனக்கும் அப்படி ஒரு குறும்புப் பூனை வேண்டுமாம், அதற்கு லசானியா (கார்ஃபீல்டுக்குப் பிடித்த இத்தாலிய பாஸ்தா உணவு) ஊட்ட வேண்டுமாம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்கலாமா?
- ஒரு பாட்டி, தெம்பனிஸ்

பதில்: தாராளமாக வளர்க்கலாம் அம்மா. முன்பு தடை இருந்தது, 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றிவிட்டார்கள். உரிமம் எடுக்க வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும்.

ஆனால் லசானியா மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் சேரும் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகையில் கொண்டுபோய் விடும், நாம் பாசத்தோடு பிசைந்து வைக்கும் குழம்புச் சோற்றுக்கும் இதே கதைதான். பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. கார்ஃபீல்ட், ஜிம் டேவிஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1978இல் நாளிதழ் சித்திரத் தொடருக்காகப் படைத்த பூனை, 1988 முதல் 1994 வரை தொலைக்காட்சியிலும் ஓடியது, அது எவ்வளவு தின்றாலும் அதற்கு வயிறு வலிக்காது, நம் வீட்டுப் பூனைக்கு வலிக்கும் என்று பேத்தியிடம் நேராகவே சொல்லுங்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு இது நன்றாகவே புரியும்.

அப்புறம், பூனை வருவதற்கு முன்பே சன்னல்களுக்கு வலை அடித்துவிடுங்கள். மாடியிலிருந்து பூனை விழுவது கார்ட்டூனில் சிரிப்பு, நிஜத்தில் உயிர் போகிற விஷயம். பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டை தினமும் யார் சுத்தம் செய்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.