பறவை கூடியதா, பார்வை கூடியதா?

வாசகர் கேள்வி – பதில்

கே: எங்கள் கண்மாயில் போன பொங்கலுக்கு இரண்டு பேர் ஒரு மணி நேரம் பார்த்து 31 வகைப் பறவைகளைக் குறித்தோம். இந்தப் பொங்கலுக்கு ஒன்பது பேர், விடிந்ததிலிருந்து பத்து மணிவரை நின்று 44 வகை. கண்மாய் தேறிவிட்டது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லலாமா?
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

ப: இப்போதைக்கு வேண்டாம். கூடியது பறவையா, பார்த்த கண்களா என்று உங்கள் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. நேரமும் ஆளும் கூடினாலே பட்டியல் நீளும். இந்த ஆண்டுக் குறிப்பில் முதல் ஒரு மணி நேரத்தில் இருவர் மட்டும் எழுதியதைத் தனியே எடுத்து, அதைப் போன ஆண்டின் 31-உடன் வையுங்கள். நேரம் குறிக்காமல் எழுதியிருந்தால் இந்த ஆண்டுக் கணக்கு ஒப்பிட உதவாது, வெறும் பட்டியலாகவே நிற்கும்.

அடுத்த முறைக்கு இப்படிச் செய்யுங்கள். கரையில் ஐந்து இடங்களை முடிவு செய்து கல் நட்டு வையுங்கள். ஒவ்வொன்றிலும் 15 நிமிடம், காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில், வெயில் முதுகில் படும்படி நின்று எண்ணுங்கள். ஒரு கல்லிலிருந்து பார்த்த கூட்டம் அடுத்த கல்லுக்குப் பறந்து போனால் மறுபடி எண்ணக் கூடாது. எந்தத் திசைக்குப் போனது என்று குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. பெரிய கூட்டமென்றால் முதலில் பத்தைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்து, அதே அளவில் கூட்டம் முழுவதையும் அளந்து வாருங்கள். இருவர் தனித்தனியே எண்ணட்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப எண்ணுங்கள். 'வாத்து 60' என்று எழுதாதீர்கள். புள்ளிமூக்கு வாத்தா, வெளிநாட்டிலிருந்து வரும் வாத்தா என்பதில்தான் கண்மாயின் கதை இருக்கிறது. அடையாளம் தெரியாததைத் 'தெரியாத வாத்து' என்றே எழுதலாம், ஊகித்து எழுத வேண்டாம்.

நீர்மட்டத்தையும் கட்டாயம் குறியுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உள்ளான்களுக்குச் சில அங்குலத் தண்ணீரும் சேறும் வேண்டும். முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் ஆழம் வேண்டும். கண்மாய் வற்றும்போது மீன்கள் கடைசிக் குட்டையில் ஒடுங்கும். கொக்கும் நாரையும் சுற்று வட்டாரத்திலிருந்து அங்கே வந்து குவியும். எண்ணிக்கை உச்சத்துக்குப் போகும் அந்த வாரத்தில் கண்மாய் உண்மையில் முடிந்துகொண்டிருக்கும்.

கே: ஷானன் குறியீடு, சிம்ப்சன் குறியீடு – ஆய்வேட்டில் எதைப் போடுவது?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

ப: ஓரிடத்தில் எத்தனை இனம், அவை எவ்வளவு சமமாகப் பிரிந்திருக்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் பன்மைக் கணக்குகள் இவை. இரண்டையும் போடலாம், ஆனால் அப்படியே போடாதீர்கள். ஒரு கணக்கு பாருங்கள். இரண்டு குளங்கள், இரண்டிலும் ஐந்து இனம், நூறு பறவை. முதல் குளத்தில் இனத்துக்கு 20. இரண்டாவதில் ஒரே இனம் 96, மற்ற நான்கும் ஒவ்வொன்று. இனங்களை மட்டும் எண்ணினால் இரண்டும் சமம்.

ஒவ்வொரு இனத்தின் பங்கையும் அந்தப் பங்கின் இயல் மடக்கையால் பெருக்கிக் கூட்டி, எதிர்க்குறியை நீக்கினால் ஷானன்: முதல் குளத்துக்கு 1.61, இரண்டாவதற்கு 0.22. சிம்ப்சனுக்குப் பங்குகளின் வர்க்கங்களைக் கூட்ட வேண்டும்: 0.20, 0.92. இங்கே எண் ஏறினால் பன்மை குறைகிறது என்று பொருள். சிலர் இதை ஒன்றிலிருந்து கழித்துத் தருவார்கள், சிலர் தலைகீழாக்கித் தருவார்கள். எதைச் செய்தீர்கள் என்று எழுதாவிட்டால் படிப்பவருக்குப் புரியாது. ஷானனிலும் மடக்கையின் அடிமானம் மாறினால் எண் மாறும்: முதல் குளத்தின் 1.61, பத்தடிமான மடக்கையில் 0.70 ஆகிவிடும். '3-க்கு மேல் இருந்தால் வளமான காடு' என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். அடிமானமும், எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதும் தெரியாத 3-க்கு மதிப்பில்லை.

இதைவிடத் தெளிவானது 'பயனுறு இன எண்ணிக்கை': எல்லா இனமும் சம அளவில் இருந்தால், இதே பன்மைக்கு எத்தனை இனம் வேண்டும் என்ற கணக்கு. இயல் மடக்கையில் வந்த ஷானன் மதிப்பை அடுக்கேற்றினால், அதாவது கணிப்பானில் மடக்கைக்கு எதிர்ச் செயலைச் செய்தால், முதல் குளம் 5 இனம், இரண்டாவது வெறும் 1.25 இனம். ஊராருக்கும் புரியும்.

பார்க்காமல் விட்டவை எத்தனை என்றும் மதிப்பிடலாம். 32 வண்ணத்துப்பூச்சி இனங்கள் பதிவாயின என்று வையுங்கள். அதில் ஒரே ஒரு பூச்சி மட்டும் பார்த்த இனங்கள் 6, இரண்டு மட்டும் பார்த்தவை 3. ஆறின் வர்க்கத்தை மூன்றின் இருமடங்கால் வகுத்தால் 6. ஆக, அங்கே குறைந்தது 38 இனங்கள். இது சாவோ முறை. இரண்டு மட்டும் பார்த்த இனமே இல்லையென்றால் பூச்சியத்தால் வகுக்க நேரும். அப்போது திருத்திய வடிவத்தைப் பயன்படுத்த வேண்டும்.

எந்தக் குறியீட்டுக்கும் பெயர் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். வரையாட்டை எடுத்துவிட்டு வெள்ளாட்டை வைத்தாலும் அதே எண்தான் வரும்.

கே: பள்ளிக்கு அருகில் சும்மா கிடக்கும் புல்தரையில் ஆயிரம் மரக்கன்று நட்டால் பல்லுயிர் பெருகுமா?
– ஓர் ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்

ப: சும்மா கிடப்பதாக யார் சொன்னது? உங்கள் மாவட்டத்து வல்லநாட்டில் வெளிமானுக்கென்றே சரணாலயம் இருக்கிறது; அதற்கு வேண்டியது திறந்த வெளி. வானம்பாடி தரையில் கூடு கட்டுகிறது, கௌதாரியும் அப்படியே. குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் இரவில் புல்லுக்குள்தான் தங்கும். அங்கே மரம் நட்டால் மர இனங்களின் கணக்கு ஏறும், இவை போய்விடும். நீலகிரியின் மலைப்புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நட்டதால் நேர்ந்தது இதுதான்: வரையாடும் நீலகிரி நெட்டைக்காலியும் தங்கள் புல்வெளியை இழந்தன.

முதலில் வடகிழக்குப் பருவமழைக்குப் பின், புல் பூத்திருக்கும்போது, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை இருபது இடங்களில் வைத்து உள்ளே இருப்பதை எழுதுங்கள். இடத்தைச் சீட்டுப் போட்டு எடுங்கள். 'நன்றாக இருக்கும்' இடமாகப் பார்த்து வைத்தால் கணக்கு பொய்யாகும். நாட்டுப்புற்கள் இருந்தால் மரம் வேண்டாம். கன்றுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளோ தெருவோரத்திலோ நடுங்கள்.

சீமைக்கருவேலம் ஏறியிருந்தால் அதை எடுப்பதே நல்ல வேலை. தரைமட்டத்தில் வெட்டினால் கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, துளிர்க்கும் பகுதியும் சேர்ந்து வரும்படி ஓரடி ஆழத்தில் வேரோடு எடுக்க வேண்டும். விதை மண்ணில் பல ஆண்டு உறங்கும். ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதைத்துக்கொண்டே இருக்கும். அதனால் மூன்று நான்கு ஆண்டுகளாவது நாற்றுகளைப் பிடுங்க ஆள் வேண்டும். நீர்நிலைக்குள் நிற்கும் மரங்களில் கொக்கு, நாரை கூடு இருந்தால் குஞ்சுகள் பறக்கும்வரை தொடக் கூடாது.

கே: கொசுவுக்காகக் கோயில் தெப்பத்தில் கம்பூசியா மீன் விடலாமா?
– கும்பகோணம் வாசகர்

ப: வேண்டாம். கொசுப்புழுவைத் தின்னும் என்று விடப்படும் வெளிநாட்டு மீன் அது. தலைப்பிரட்டைகளையும் நாட்டு மீன்களின் முட்டை, குஞ்சுகளையும் தின்னும். விட்ட பிறகு திரும்பப் பிடிக்கவும் முடியாது. பக்கத்துக் குளத்திலிருந்து சிறு நாட்டு மீன்களைக் கொண்டுவந்து விடுங்கள்.

கே: எங்கள் ஊர்ப் பாறைக் குன்றை அரிட்டாபட்டி போல அறிவிக்க வைக்க என்ன வழி?
– ஊராட்சி உறுப்பினர், திண்டுக்கல் மாவட்டம்

ப: 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில், உள்ளாட்சிகளைக் கலந்து மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டி 2022-இல் அப்படி அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 193 எக்டேர். உங்கள் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காடு 2025-இல் அறிவிக்கப்பட்டது. அது ஐந்து எக்டேர்கூட இல்லை. ஆகவே பரப்பு சிறியது என்று தயங்க வேண்டாம். ஆனால் அறிவிப்பு வந்தாலே அரண் என்று இருந்துவிடாதீர்கள்: அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024-இல் நடந்தது. மக்கள் எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில்தான் மத்திய அரசு அதை ரத்து செய்தது.

தொடங்க வேண்டியது ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில். அது தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் குன்றின் சுனைகள், செடிகொடிகள், பறவைகள், நாட்டுக் கால்நடை, பயிர் ரகங்கள் எல்லாம் பருவவாரியாக இடம்பெற வேண்டும். மேய்ப்பவர்களையும் வைத்தியம் அறிந்த மூதாட்டிகளையும் உட்கார வைத்துக் கேளுங்கள். பெயர்களை ஊர் வழக்கிலேயே எழுதி, தாவரவியல் ஆசிரியர் ஒருவரைக் கொண்டு அறிவியல் பெயரைச் சேருங்கள். படத்தில் தேதி இருக்கட்டும். வல்லூறு கூடு கட்டும் பாறை, தேவாங்கு தங்கும் புதர், அரிய மூலிகை முளைக்கும் இடம் ஆகியவற்றை மட்டும் வெளியார் பார்க்கும் பிரதியில் சேர்க்காதீர்கள். குழுவிடம் உள்ள தனிப் பிரதியில் வையுங்கள்.